பட்டறை பதில்கள்: பம்ப் வேலை முடிந்து மாட்டியாச்சு, வண்டிக்குப் பலம் இல்லை

கேள்வி: ஐயா, என்னிடம் 20 டன் பொக்லைன் ஒன்று இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது, மீட்டர் 11 ஆயிரம் மணி தாண்டிவிட்டது. மெயின் பம்பில் ஆயில் சீல் போய் இன்ஜின் பக்கம் ஒழுகியது. பம்பை இறக்கி வெளியூர் பட்டறையில் கொடுத்து சீல் கிட், பிஸ்டன் ஷூ எல்லாம் மாற்றி வாங்கி வந்தோம். ஹைட்ராலிக் ஆயிலும் புதிதாக ஊற்றினோம். மாட்டி ஸ்டார்ட் செய்த நாளில் இருந்து எல்லா வேலையும் மந்தம். வெறும் பக்கெட் என்றால் எப்படியோ தூக்குகிறது, மண் அள்ளினால் திணறுகிறது, மேட்டில் ஏற மாட்டேன் என்கிறது. பம்ப் பார்த்தவர் "என் வேலை சுத்தம், கன்ட்ரோல் வால்வைப் பிரி" என்கிறார். வால்வு பார்ப்பவர் "பம்ப்தான்" என்று சத்தியம் செய்கிறார். யாரை நம்புவது? – வாசகர், தாராபுரம்.

பதில்: இப்போதைக்கு இரண்டு பேரையும் நம்ப வேண்டாம். பிரஷர் அளக்கும் கேஜ் வாங்கி மாட்டிப் பாருங்கள், அது யாருக்கும் வேண்டியவர் இல்லை.

அதற்கு முன் ஒரு விஷயம். மந்தம் என்றும் எழுதியிருக்கிறீர்கள், திணறுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றல்ல. வெறும் பக்கெட்டே மெதுவாகப் போனால் லிட்டர் குறைவு, அதாவது பம்ப் நிமிடத்துக்குத் தள்ளும் எண்ணெய் குறைவு. வெறுமனே நல்ல வேகத்தில் போய், மண்ணில் குத்தியதும் நின்றுவிட்டால் பிரஷர் குறைவு. இதைப் பிரித்துச் சொல்லாமல் "வண்டி வீக்" என்று மட்டும் சொன்னால் மெக்கானிக் தனக்குத் தெரிந்த இடத்தைப் பிரிப்பார். பம்ப் தெரிந்தவர் பம்பைப் பிரிப்பார், வால்வு தெரிந்தவர் வால்வைப் பிரிப்பார். செலவு உங்களுடையது.

அடுத்து இன்ஜினைக் கேளுங்கள். முழு ரேஸில் பூமை மேலே தூக்கி, சிலிண்டர் முட்டிய பிறகும் லீவரை இழுத்துப் பிடியுங்கள், ஐந்து செகண்ட் போதும். பெரும்பாலான வண்டிகளில் இன்ஜின் சற்றே இறங்கி, சத்தம் கனத்து, அப்படியே பிடித்து நிற்கும். அப்படி இருந்தால் பம்ப் சுமை ஏற்றிக்கொண்டு பிரஷர் கட்டுகிறது என்று அர்த்தம். லீவர் இழுத்ததே இன்ஜினுக்குத் தெரியாதது மாதிரி ஓடினால் எண்ணெய் வரவில்லை, அல்லது வந்த எண்ணெய் பிரஷர் கட்டும் முன்பே எங்கோ திறந்து ஓடுகிறது. கரும்புகை தள்ளி இன்ஜினே அமுங்கினால் ஹைட்ராலிக்கை விட்டுவிட்டு டீசல் பில்டரையும் ஏர் கிளீனரையும் முதலில் பாருங்கள்.

உங்கள் வண்டியில் கோளாறு எங்கே என்று யோசிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. பம்பை இறக்கும் வரை, பம்ப் தள்ளும் எண்ணெயைச் சிலிண்டருக்கும் மோட்டாருக்கும் பிரித்து அனுப்பும் கன்ட்ரோல் வால்வு ஒழுங்காக வேலை செய்தது. பம்ப் பட்டறைக்குப் போன நாட்களில் அது வண்டியிலேயே சும்மா கிடந்தது. சும்மா கிடந்த வால்வு தானாகக் கெடாது. ஆகவே வால்வைப் பிரிக்க வேண்டாம். அதற்காகப் பம்ப் வேலை தப்பு என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். பம்பைக் கழற்றவும் மாட்டவும் எத்தனை இடத்தில் கை வைத்தார்களோ, அத்தனையும் சந்தேகப் பட்டியலில் உண்டு. அந்த இடங்களைத்தான் வரிசையாகப் பார்க்கப் போகிறோம்.

இன்னொன்று, எல்லா வேலையும் ஒரே மாதிரி மந்தம் என்கிறீர்கள். இந்த ரக வண்டியில் மெயின் பம்ப் இரண்டு, ஒரே உடம்பில் முதுகோடு முதுகாக இருக்கும். ஒரு பக்க செயினுக்கு ஒன்று, மறு பக்க செயினுக்கு மற்றொன்று. ஒரு பம்ப் மட்டும் கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், சில வேலை நன்றாகவும் சில வேலை மோசமாகவும் இருக்கும். இரண்டும் ஒரே அளவில் ஒரே நாளில் கெடுவது அபூர்வம். எனவே இரண்டுக்கும் பொதுவான இடத்தைத்தான் முதலில் தேட வேண்டும். எண்ணெய் உறிஞ்சும் வழி (சக்ஷன்), பைலட் பிரஷர் (லீவர் இழுத்ததும் கன்ட்ரோல் வால்வைத் திறக்கும் சின்னப் பிரஷர்), இன்ஜின் ஆர்பிஎம், மெயின் ரிலீப் (பிரஷர் அளவு மீறினால் எண்ணெயை டேங்க்குக்குத் திருப்பிவிடும் வால்வு). நான்கே இடம்.

உறிஞ்சும் வழியில் தொடங்குங்கள். பம்பை இறக்கும்போது டேங்க்கில் இருந்து வரும் தடித்த சக்ஷன் பைப்பில் எண்ணெய் கொட்டாமல் இருக்க நம் ஊரில் எல்லோரும் செய்வது ஒன்றுதான், திருப்பூர் பனியன் வேஸ்ட்டை உருட்டி அடைப்பது. மாட்டும் அவசரத்தில் எடுத்தார்களா என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. எங்கள் பட்டறைக்கு அப்படி ஒரு வண்டி வந்தது. ஐடிலில் ஒழுங்காக ஓடியது, ரேஸ் கொடுத்ததும் பம்ப் ஊளையிட்டது, வேலை எல்லாம் பாதி வேகம். ஏற்கெனவே இரண்டு இடத்தில் பார்த்து, புது ரிலீப் வால்வு வரை மாட்டியிருந்தார்கள். சக்ஷன் பைப்பைக் கழற்றினால் பம்ப் வாயில் முறுக்கிய துணி பாதி வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது. எண்ணெயில் ஊறிப் பழுப்பாகிவிட்டதால் டார்ச் அடித்தும் சட்டென்று தெரியவில்லை. கம்பியை வளைத்து இழுத்த பிறகுதான் துணி என்றே தெரிந்தது. அன்றில் இருந்து எங்கள் பட்டறையில் பைப்புக்கு உள்ளே துணி வைப்பதில்லை. வெளியே பாலிதீன் பையைச் சுற்றி, டியூப் ரப்பரால் கட்டுவதோடு சரி.

துணி இல்லையென்றால் அந்தப் பைப்பின் ஓரிங்கைப் பாருங்கள். சக்ஷன் ஓரிங் கடிபட்டால் எண்ணெய் வெளியே ஒழுகாது, காற்று உள்ளே போகும். அதனால் வெளியில் ஒரு சொட்டுகூடக் கசியாமல் வண்டி பலம் இழக்கும். ஜாயின்ட்டைச் சுற்றிக் கிரீஸை அப்பிவிட்டு ஓட்டுங்கள். சத்தம் மாறினால் அங்கேதான் காற்று. டேங்க் கண்ணாடியில் எண்ணெய் நுரைத்து, வெளுத்துத் தெரிந்தாலும் அதே சந்தேகம். நிறுத்தி ஓரிரு மணி நேரத்தில் நுரை அடங்கித் தெளிந்தால் காற்று, மறுநாளும் மோர் நிறத்திலேயே இருந்தால் தண்ணீர்.

அப்புறம் ஏர் எடுத்தார்களா என்று கேளுங்கள். மாட்டியதும் பம்பின் மேல்புறம் உள்ள டிரெயின் வாய் வழியாகச் சுத்தமான எண்ணெயை விளிம்பு வரை ஊற்றி நிரப்ப வேண்டும். பிறகு ஏர் பிளக்கைத் தளர்த்தி, குமிழ் இல்லாமல் எண்ணெய் வரும் வரை விட்டு இறுக்க வேண்டும். ஸ்டார்ட் செய்தால் லீவரைத் தொடாமல் ஐடிலில் சில நிமிடம் ஓட விட வேண்டும். இதைச் செய்யாமல் நேராக ரேஸ் கொடுத்தால் புதுப் பிஸ்டன் ஷூ (பிஸ்டன் நுனியில் சறுக்கும் பாதம்) எண்ணெய் இல்லாமல் தேய்ந்து, முதல் நாளிலேயே பாதி ஆயுளைத் தின்றுவிடும். கூழாங்கல்லைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்குவது போன்ற சத்தம் வந்திருந்தால் அது இதுதான்.

இனி கேஜ். 60 கிலோ கேஜ் ஒன்று, 600 கிலோ கேஜ் ஒன்று, கூடவே டெஸ்ட் ஹோஸ். இங்கே கிலோ என்றால் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ பிரஷர் என்று அர்த்தம். எண்ணெய் 50 டிகிரி சூடு வரும் வரை வண்டியை வேலை செய்யவிட்டு, பிறகு இன்ஜினை நிறுத்தி, லீவர்களை நாலு பக்கமும் ஆட்டி மிச்சப் பிரஷரை இறக்கி, டேங்க் காற்றையும் விட்டு, அதன் பிறகே கேஜை மாட்ட வேண்டும். முதலில் பைலட். இது பம்பின் வாலில் தொங்கும் சின்ன கியர் பம்ப். அதன் வேலை ஸ்பூலை, அதாவது கன்ட்ரோல் வால்வுக்குள் எண்ணெய் வழியைத் திறந்து மூடும் தண்டை, தள்ளுவது மட்டும். நிறைய வண்டியில் 40 கிலோ அளவில் இருக்கும். உங்கள் மாடலுக்கான சரியான எண்ணை மேனுவலில் பாருங்கள். இது 20க்கு இறங்கினால் ஸ்பூல் முழுதாகத் திறக்காது, மெயின் பம்ப் புத்தம் புதிதாக இருந்தாலும் எல்லா வேலையும் மந்தமாகும். பம்ப் இறங்கும்போது இந்தச் சின்ன பம்பின் பைப்புகளையும் பிரித்திருப்பார்கள். அதன் பில்டரில் அழுக்கோ, ரிலீப் சீட்டில் ஒரு துளி மணலோ மாட்டியிருக்கலாம். நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு எனக்கு முதல் சந்தேகம் சக்ஷன் என்றால் இரண்டாவது சந்தேகம் இதுதான்.

பைலட் சரி என்றால் மெயின் கேஜ். 20 டன் வண்டியில் பெரும்பாலும் 350 கிலோ, அதாவது 5,000 பிஎஸ்ஐ பக்கம். பூம், ஆர்ம், பக்கெட் மூன்றையும் தனித்தனியாக முட்டவிட்டு இரண்டு பம்பிலும் எழுதிக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி 250, 260 என்று காட்டினால் மெயின் ரிலீப்பைக் கழற்றிச் சீட்டைப் பாருங்கள். பம்ப் வேலையில் உள்ளே போன அழுக்கு முதலில் தங்கும் இடம் அது. 350 வந்தும் மந்தம் என்றால் பிரஷர் குற்றவாளி இல்லை, லிட்டர்தான்.

லிட்டர் எப்படிக் குறையும் என்று ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இந்த அளவு வண்டிகளில் நிறைய வரும் கவாசாகி கே3வி112 பம்ப் ஒரு சுற்றுக்கு 112 சிசி தள்ளும். 1,950 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 218 லிட்டர், இரண்டு பம்புக்கும் சேர்த்து 436. இவ்வளவு எண்ணெயையும் 350 கிலோவில் தள்ள வேண்டும் என்றால் 330 குதிரைச் சக்திக்கு மேல் வேண்டும். இன்ஜினோ 150 குதிரை பக்கம். அதனால்தான் ரெகுலேட்டர் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். பிரஷர் ஏற ஏற அது லிட்டரைக் குறைத்து இன்ஜினைக் காப்பாற்றும். இந்த ரெகுலேட்டரின் ஸ்க்ரூவை யாராவது திருகியிருந்தால், சின்னச் சுமைக்கே லிட்டரைக் குறைத்துவிடும். இன்ஜின் நிம்மதியாக ஓடும், வண்டி வேலை செய்யாது. நல்ல மெக்கானிக் ரெகுலேட்டரைத் தொடும் முன் ஸ்க்ரூ வெளியே எவ்வளவு நிற்கிறது என்று வெர்னியரில் அளந்து சுவரிலாவது எழுதி வைப்பார். உங்கள் பம்பைப் பார்த்தவரிடம் அந்த அளவைக் கேளுங்கள். பதில் சொல்லும் முகத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

ரெகுலேட்டருக்குப் போகும் சின்ன ஹோஸ்களையும் விடாதீர்கள். நெகட்டிவ் கன்ட்ரோல் வண்டி (லீவர் சும்மா இருக்கும்போது வால்வில் இருந்து வரும் பிரஷர் பம்பின் லிட்டரைக் குறைத்து வைக்கும் ரகம்) என்றால் வால்வில் இருந்து இரண்டு மெல்லிய ஹோஸ் வந்து ஆளுக்கொரு ரெகுலேட்டரில் மாட்டும். பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருப்பதால் மாற்றி மாட்டுவது சகஜம். கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரு பக்கச் செயினை மட்டும் தரையில் இருந்து தூக்கி, அதை மட்டும் ஓட்டுங்கள். பிறகு மறு பக்கம். கடைசியில் சமதரையில் இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். தனித்தனியாக ஓட்டினால் ஊர்கிற வேகம், சேர்த்து ஓட்டினால் சரியான வேகம் என்றால் ஹோஸ் மாறியிருக்கிறது. இடது செயினை இழுத்தால் "எண்ணெய் வேண்டும்" என்ற தகவல் வலது பம்புக்குப் போகிறது, இடது பம்ப் தூங்குகிறது. இரண்டையும் இழுக்கும்போது இரண்டுமே விழித்துவிடுகின்றன. பம்பைச் சுற்றியுள்ள ஒயர் கனெக்டர்களையும் ஒரு முறை கழற்றி மாட்டுங்கள். சொலினாய்டு கனெக்டரை மாட்டாமல் விட்டால் சில வண்டி மந்தமாகும், சில வண்டி இன்ஜினையே அமுக்கும். இரண்டு பிரஷர் சென்சாரையும் மாற்றி மாட்டினால் கம்ப்யூட்டர் தப்புக் கணக்குப் போடும்.

இத்தனையும் சரியாக இருந்தால் மட்டும் பம்ப் மறுபடி இறங்கட்டும். அப்போது பார்க்க வேண்டியது வால்வு பிளேட், அதாவது சுற்றும் பிஸ்டன் பிளாக்குக்கு எண்ணெயை உள்ளே விட்டு வெளியே எடுக்கும் தட்டு. முன் பம்புக்கும் பின் பம்புக்கும் பிளேட் வேறு, ஒன்று வலம், ஒன்று இடம். மாற்றிப் போட்டால் பிரஷரே எழாது. உங்கள் வண்டி ஏதோ தூக்குகிறது என்பதால் அது இருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் லேப்பிங் (முகத்தைத் தேய்த்துச் சமமாக்குவது) சரியில்லாமல் பிளேட்டும் பிளாக்கும் முகத்துக்கு முகம் உட்காராமல் இருக்கலாம். அப்படி இருந்தால், பம்புக்குள் நழுவிய எண்ணெய் டேங்க்குக்குத் திரும்பும் டிரெயின் லைனில் எண்ணெய் அளவுக்கு மீறி வரும், சூடானால் இன்னும் மோசமாகும்.

எது எப்படி இருந்தாலும் ரிட்டர்ன் பில்டரைக் கழற்றி அறுத்து விரித்துப் பாருங்கள். பித்தளைத் துகள் மினுக்கினால் ஷூவோ பிளாக்கோ தேய்கிறது, காந்தத்தில் ஒட்டினால் பேரிங் போன்ற இரும்புச் சாமான், கறுப்பு ரப்பர் என்றால் சீல். புது எண்ணெய் ஊற்றியதாக எழுதியிருக்கிறீர்கள், டேங்க்கைக் கழுவியதாக எழுதவில்லை. பழைய பம்ப் கொட்டிய துகள் டேங்க் அடியிலும் கூலரிலும் இருந்தால் புது எண்ணெய் அதைச் சுமந்துகொண்டு புது ஷூவுக்குத்தான் போகும்.

கேள்வி: டிராவல் மோட்டார் சீல் மாற்றிய பிறகு வண்டி வலப்பக்கம் இழுக்கிறது. வலது செயின் மேட்டில் நின்றே விடுகிறது. மற்ற வேலை எல்லாம் பிரமாதம். மோட்டார் வீணாகிவிட்டதா? – வாசகர், அரியலூர்.

பதில்: மோட்டாருக்கு அதற்குள் இரங்கல் வேண்டாம். செயினை எவ்வளவு இறுக்கினீர்கள்? வேலை முடிந்து கிரீஸ் அடித்து இறுக்கும்போது ஒரு பக்கம் அதிகமாகிவிடுவது உண்டு. களிமண் வேறு ஒட்டிக் காய்ந்தால் மோட்டாரின் பாதிப் பலம் செயினைச் சுற்றவே போகும். இரண்டு பக்கத் தொய்வையும் அளந்து சமமாக்குங்கள்.

அதன் பிறகும் இழுத்தால் ஹோஸை மாற்றிப் பாருங்கள். சென்டர் ஜாயின்ட்டுக்கு (சுழலும் மேல் உடம்பில் இருந்து கீழே மோட்டாருக்கு எண்ணெய் கொண்டுபோகும் இணைப்பு) மேலே, கன்ட்ரோல் வால்வில் இருந்து வரும் டிராவல் ஹோஸ்களில் இடதையும் வலதையும் இடம் மாற்றுங்கள். முன்னோக்கு, பின்னோக்கு இரண்டையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். இப்போது லீவரும் செயினும் பக்கம் மாறி வேலை செய்யும், ஆபரேட்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், பக்கத்தில் ஆள் நிற்க வேண்டாம். இப்போது இடது செயின் வீக் ஆனால் குற்றம் மேலே, அதாவது பம்ப் அல்லது வால்வு. வலதே வீக்காக இருந்தால் குற்றம் கீழே, சென்டர் ஜாயின்ட் அல்லது மோட்டார். கீழே என்று தெரிந்த பிறகு மோட்டாரின் ரிலீப் இரண்டையும் முன் பின் மாற்றிப் பாருங்கள். முன்னால் போகும்போது இருந்த வீக் பின்னால் போகும்போது வந்தால் ரிலீப்போடு முடிந்தது வேலை. மேலே குற்றம் என்றாலும் பயம் வேண்டாம், நீங்களே மற்ற வேலை எல்லாம் பிரமாதம் என்கிறீர்கள், ஆகவே பம்ப் தப்பித்தது. டிராவல் ஸ்பூலும் அதற்கு வரும் பைலட் ஹோஸும்தான் மிச்சம்.

கேள்வி: பூம் சிலிண்டர் இரண்டுக்கும் சீல் கிட் மாற்றினேன். இருந்தும் பூம் தானாக இறங்குகிறது. மறுபடி சிலிண்டரைப் பிரிக்கச் சொல்கிறார்கள். – வாசகர், புதுக்கோட்டை.

பதில்: பிரிக்கும் முன் இதைச் செய்யுங்கள். பக்கெட்டில் சுமை ஏற்றி, ஆர்மை நீட்டி, பூமைத் தூக்கி நிறுத்துங்கள். கீழே எந்த உயிரும் இருக்கக்கூடாது, ஆடு மாடு உட்பட. இன்ஜினை நிறுத்திச் சாவியை ஆன் செய்து வையுங்கள். சிலிண்டர் ராடில் சாக்பீஸால் கோடு போட்டு, சில நிமிடத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்துகொள்ளுங்கள். இப்போது லீவரைத் தூக்கும் பக்கம் இழுத்துப் பிடியுங்கள், பிரஷரைச் சேமித்து வைக்கும் பைலட் அக்யுமுலேட்டரில் பிரஷர் இருப்பதால் ஸ்பூல் நகரும். பிரஷர் தீர்ந்திருந்தால் இன்ஜினைப் பத்து செகண்ட் ஓட்டி நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

லீவரை இழுத்ததும் இறங்கும் வேகம் கூடினால் சிலிண்டர் பிஸ்டன் சீல்தான் விடுகிறது. சீலைத் தாண்டிய எண்ணெய்க்கு டேங்க் போகும் வழியை நீங்கள் திறந்துவிட்டீர்கள், அதனால் வேகம் கூடுகிறது. வேகம் மாறவில்லை என்றால் சிலிண்டர் நிரபராதி. பூம் இறங்காமல் எண்ணெயைப் பூட்டி வைக்கும் ஹோல்டிங் வால்வையோ, ஸ்பூலையோ பாருங்கள். சீல் மாற்றும்போது ஹோஸைக் கழற்றியதில் போன மண் ஹோல்டிங் வால்வின் பாப்பெட்டில் உட்கார்ந்திருக்கும், அதைக் கழற்றிக் கழுவினாலே பாதி வண்டி சரியாகிவிடும். சிலிண்டர் என்றே வந்தால், சீலை மறுபடி மாற்றும் முன் டியூப்புக்குள் விரலை விட்டுத் தடவுங்கள். நகம் தட்டும் அளவுக்குக் கீறல் இருந்தால் எந்தக் கம்பெனி சீல் போட்டாலும் நிற்காது, டியூப்பின் உள்சுவரைத் தேய்த்துச் சமமாக்கும் ஹோனிங்குக்கு அனுப்புங்கள். சூடான வண்டியை இரவில் நிறுத்தி, காலையில் கொஞ்சம் இறங்கியிருப்பது வேறு கதை. எண்ணெய் ஆறிச் சுருங்கும், அதற்கெல்லாம் சீலைப் பிரிக்காதீர்கள்.

கேள்வி: கல்குவாரியில் பிரேக்கர் ஓட்டுகிறேன். காலையில் வண்டி சிங்கம், பதினொரு மணிக்கு மேல் பூனை. போன மாதம் கன்ட்ரோல் வால்வுக்கு ஓரிங் மாற்றினோம், அதன் பிறகுதான் இப்படி. ஆயிலை இன்னும் கெட்டியாகப் போடச் சொல்கிறார்கள். – வாசகர், தேன்கனிக்கோட்டை.

பதில்: எண்ணெய் சூட்டில் நீர்த்துப் போகும். டின்னில் 68 என்று போட்டிருப்பது 40 டிகிரியில் உள்ள கெட்டி. 100 டிகிரியில் அதே எண்ணெய் சுமார் 9க்கு வந்துவிடும். நீர்த்த எண்ணெய் தேய்ந்த இடத்தில் எல்லாம் நழுவும். கெட்டி எண்ணெய் போட்டால் நழுவல் சில நாள் மறையும், காலையில் பம்ப் உறிஞ்சத் திணறும், தேய்மானம் அப்படியே நடக்கும். உங்கள் ஊர் குளிரில் காலை நேரத்தில் அது நல்லதும் அல்ல.

முதலில் சூட்டை அளங்கள். டேங்க்கில் 80 டிகிரிக்குள் இருந்தால் சரி, 90ஐத் தாண்டினால் பலவீனத்தைத் தேட வேண்டாம், சூட்டைத் தேடுங்கள். குவாரித் தூசி கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் மெத்தை போல அடைத்திருக்கும், முன்னால் இருந்து பார்த்தால் பளிச்சென்று இருக்கும். இரண்டையும் பிரித்து, காற்றை உள்ளிருந்து வெளியே அடிக்க வேண்டும். பேன் பெல்ட்டையும் பாருங்கள்.

கூலர் சுத்தம், இருந்தும் சூடு என்றால், ஓரிங் மாற்றியபோது ஏதோ ஒரு ரிலீப் சரியாக உட்காரவில்லை. எண்ணெய் பிரஷரோடு சின்னச் சந்தில் பீறிடும் இடம்தான் சூட்டின் பிறப்பிடம். சூடு பார்க்கும் லேசர் துப்பாக்கி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, வண்டி வீக் ஆன அந்த நேரத்தில் வால்வு பிளாக்கில் ஒவ்வொரு ரிலீப்பாக அடித்துப் பாருங்கள். பக்கத்தில் உள்ளதை விட ஒன்று மட்டும் தனியாகக் கொதித்தால் அதைக் கழற்றுங்கள். போர்ட் ரிலீப் என்பது ஒவ்வொரு சிலிண்டர் வழிக்கும் தனியாக உள்ள ரிலீப். பூம் போர்ட் ரிலீப்பும் ஆர்ம் போர்ட் ரிலீப்பும் உங்கள் வண்டியில் ஒரே பார்ட் நம்பர் என்றால் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டாலே விடை தெரிந்துவிடும். சூடும் நார்மல், எல்லா ரிலீப்பும் நார்மல் என்றால் காலையிலும் மதியமும் பைலட் கேஜ், மெயின் கேஜ் இரண்டையும் எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் பார்ப்போம். பிரேக்கர் ஓட்டும் வண்டிக்கு ஆயிலும் பில்டரும் மாற்ற மேனுவலில் தனி அட்டவணை இருக்கிறது, மண் வேலை அட்டவணையை வைத்து ஓட்டாதீர்கள்.

கேள்வி: ஹோஸில் கசிவு எங்கே என்று தடவிப் பார்த்தபோது விரலில் சுருக்கென்றது. சின்னப் புள்ளிதான், வலியும் இல்லை. ஆனால் விரல் கொஞ்சம் வீங்குகிறது. மஞ்சள் வைக்கலாமா? – ஆபரேட்டர், கயத்தாறு.

பதில்: இந்தக் கடிதத்துக்குப் பத்திரிகையில் பதில் வரும்வரை காத்திருக்கக் கூடாது என்று அலுவலகத்தில் சொல்லி, அன்றே போனில் பேசி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டோம். மற்றவர்களுக்காக எழுதுகிறேன். ஊசிமுனை ஓட்டையில் இருந்து வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். முதலில் வலி இருக்காது, அதுதான் ஏமாற்று. உள்ளே சதை அழுகத் தொடங்கினால் விரலையே எடுக்க நேரிடும். மஞ்சள், ஐஸ், மறுநாள் பார்க்கலாம் எதுவும் வேண்டாம். பெரிய ஆஸ்பத்திரியில் "பிரஷரில் எண்ணெய் உள்ளே போயிருக்கிறது, ஹைட்ராலிக் ஆயில்" என்று அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள், உடனே ஆபரேஷன் தேவைப்படலாம். கசிவு தேட ஓர் அட்டைத் துண்டைக் குச்சியில் செருகிக் காட்டுங்கள், அட்டை நனையும் இடம்தான் ஓட்டை.

கேள்வி: மெயின் ரிலீப் ஸ்க்ரூவை அரைச் சுற்று ஏற்றினால் பலம் வரும் என்கிறார் என் ஆபரேட்டர். ஏற்றலாமா? – வாசகர், ஓமலூர்.

பதில்: கேஜ் மாட்டியிருக்கிறதா? இல்லை என்றால் ஸ்பேனரைக் கீழே வையுங்கள். ஏற்கெனவே 350 இருந்தால் ஏற்றுவதில் லாபம் எதுவும் இல்லை, ஹோஸ் வெடிக்கும். பம்ப் தேய்ந்து 280தான் வருகிறது என்றால் ஸ்க்ரூவை முழுக்க ஏற்றினாலும் 280தான் வரும், எண்ணெய் ரிலீப்புக்கு வரும் முன்பே உள்ளே நழுவிவிடுகிறது. சீட்டில் அழுக்கு என்றால் கழற்றித் துடைப்பதுதான் வைத்தியம். இன்னொன்று, போர்ட் ரிலீப்களை மெயினை விடச் சற்று அதிகமாகத்தான் வைத்திருப்பார்கள். மெயினை அதற்கும் மேலே ஏற்றிவிட்டால் அவை மாற்றி மாற்றித் திறந்து, மதியத்துக்குள் எண்ணெய் கொதித்துவிடும். கேஜில் உண்மையாகவே குறைவு, சீட்டும் சுத்தம், ஸ்பிரிங் மட்டும் தளர்ந்திருக்கிறது என்றால் ஏற்றலாம். லாக் நட்டைத் தளர்த்தி, கால் சுற்றுக்கும் குறைவாக, ஒவ்வொரு தடவையும் கேஜைப் பார்த்து, மேனுவல் எண் வந்ததும் நிறுத்தி லாக் நட்டை இறுக்கி, இறுக்கிய பிறகும் ஒரு முறை கேஜைப் பாருங்கள். இறுக்கும்போது ஸ்க்ரூ கூடவே சுற்றுவது உண்டு.